பாண்கார லயனலின் மங்களம்

லயனல் என்ற பெயரை நான் முதன்முதல் கேட்டது வேலிக்கு மேலால். ஆமி எங்கள் காணிகளை விட்டுப் போக, நாங்கள் காங்கேசன்துறைக்குத் திரும்பி வந்து, நாலு சுவரும் தகரக் கூரையுமாகக் குடியிருக்கத் தொடங்கிய காலம் அது. மீனாம்பிகையின் வளவுக்கும் என் வளவுக்கும் நடுவில் கிடுகு வேலிதான். ஒருநாள் காலமை அவள் அந்த வேலிக்கு மேலால் தலையை நீட்டினாள்.

"பெரியம்மா, உந்தப் பாண்காரன் லயனலைப் பாத்தியளோ?"

எனக்குக் காது கொஞ்சம் மந்தம். "லயம் நல்லதோ? ஆரின்ரை லயம்?" என்று கேட்டேன்.

அவள் சிரித்த சிரிப்பில் வேலியில் இருந்த காகம் எழும்பிப் பறந்தது. "லயமும் நல்லதுதான் பெரியம்மா. பாட்டுத்தான் பிழை. ஆளின்ரை பேர் லயனல்."

மீனாம்பிகை என் சின்னம்மாவின் மகள் பரமேசுவரியின் கடைசிப் பிள்ளை. அந்த முறையில்தான் நான் அவளுக்குப் பெரியம்மா. தாய் தகப்பன் இரண்டு பேரும் இடம்பெயர்ந்த இடத்திலேயே கண்ணை மூடிவிட்டார்கள். பிறகு அவளைப் பார்த்தது தமையன் ஆழ்வாப்பிள்ளை. அவளுக்குப் பேசி வந்த இரண்டு சம்பந்தமும் ஓட்டத்துக்குள்ளே குழம்பிப் போயின. ஒரு மாப்பிள்ளை கடல் கடந்து போனான், மற்றவன் எங்கே போனான் என்று ஒருவருக்கும் தெரியாது. ஊருக்குத் திரும்பி வரும்போது அவளுக்கு ஐம்பது நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டு எவ்வளவோ காலம். அதனால்தான் அந்தப் பெயர் என் காதில் தங்கியது.

பாண் ஓட்டோ தெரியும்தானே? மூன்று சில்லு ஓட்டோவின் பின்பக்கத்தில் கண்ணாடிப் பெட்டி கட்டி, பேக்கரியில் சுட்ட பாணும் இனிப்புப் பணிசும் அடுக்கி, ஒழுங்கை ஒழுங்கையாக, சந்து பொந்தெல்லாம் வரும். எல்லா ஓட்டோவும் ஒரே ஒரு மெட்டைத்தான் போட்டுக்கொண்டு திரியும். அந்த மெட்டுக் கேட்டால் பிள்ளைகள் காசோடு ஓடி வருவார்கள். லயனலின் ஓட்டோவில் அந்த மெட்டு இல்லை. முதலில் ஓர் ஆர்மோனியம் மூச்சு விடும். பிறகு ஒரு ஆண்குரல் நாடகப் பாட்டொன்றை எடுக்கும். அவரே தன் வீட்டில் இருந்து வாசித்து, பாடி, கைபேசியில் பிடித்து, ஓட்டோவின் ஸ்பீக்கரில் போட்டு வைத்திருந்தார். தொடக்கத்தில் எங்கள் ஒழுங்கையில் பாதிப் பேருக்குப் பாண் கிடைக்கவில்லை. யாரோ வீட்டில் றேடியோ போடுகிறார்கள் என்று நினைத்து உள்ளேயே இருந்துவிட்டார்கள்.

நாடகப் பாட்டு என்றால் எங்கள் பக்கத்தில் இரண்டு பேரைத்தான் பெரிதாகச் சொல்லுவார்கள். ஒருவர் எங்களூர்க் கந்தவனப் புலவர். வத்தை என்கிற சரக்குத் தோணிகளுக்குப் பாய் தைத்துப் பிழைத்தவர். பாய் தைக்கும்போதே பாட்டும் கட்டுவாராம். சங்கநாச்சி நாடகம் அவருடையது. கடலுக்குப் போன புருசன் வருவான் என்று கரையில் நின்று பாடிக்கொண்டே இருக்கும் பெண்ணின் கதை. மற்றவர் மேற்குக் கரையில் கூத்துப் பழக்கிய கனிசியஸ் அண்ணாவியார். அவர் வேதக்காரர், கிறிஸ்தவர். எழில்வீரன் கூத்துக்குப் பாட்டுக் கட்டியவர். இரண்டு பேரும் நான் தாவணி போட முதலே செத்துப் போனார்கள். ஆனால் இன்றைக்கும் எங்கள் பக்கத்தில் நாடகப் பித்துள்ள ஆட்களைக் கேட்டால், ஒன்றில் புலவர் கட்சி, இல்லாவிட்டால் அண்ணாவியார் கட்சி.

புலவரின் பாட்டை நான் விழித்திருந்து கேட்டதை விட நித்திரையில் கேட்டதுதான் கூட. மணலில் பாய், பாயில் அம்மாவின் மடி. பாட்டு நித்திரைக்குள் நடந்து வரும், போகும். சங்கநாச்சி வெள்ளைச் சேலையோடு கடலுக்கு மேலே நடந்து போனதாக எனக்கு நல்ல நினைவு. கால் நனையவே இல்லை. அப்படி ஒரு காட்சி அந்த நாடகத்தில் இல்லை என்று எல்லாரும் சொல்லுகிறார்கள். எனக்கென்றால் கண்டதுதான்.

அடுத்த நாள் ஓட்டோ வரும் நேரம் பார்த்து நானும் கேற்றடியில் போய் நின்றேன். காலமைப் பனி இன்னும் முழுக்க எழும்பவில்லை. ஆளில்லாத வளவுகளுக்குள்ளாலே, கூரை இல்லாத வீடுகளின் யன்னல்களுக்குள்ளாலே அந்தப் பாட்டு வந்தது. ஓட்டோ கண்ணுக்குத் தெரிய முதலே பாட்டு மட்டும் தனியாக வந்துகொண்டிருந்தது. எங்கள் புலவரின் சங்கநாச்சிப் பாட்டு.

*பாதை கொண்ட தோணி போலக் காலம் பையப் போகுதே
ஈரம் கொண்ட காற்று வந்து என்ன என்று கேட்குதே*

மீனாம்பிகை விளக்குமாற்றோடு ஒழுங்கைக்குள் இறங்கி ஓட்டோவை மறித்தாள். ஐம்பது தாண்டிய மெல்லிய மனிதர், தலை பாதி நரை, நெஞ்சுப் பையில் ஒரு மூக்குக்கண்ணாடி.

"என்ன தரட்டும் அக்கா? றோஸ்பாண், பணிஸ், எல்லாம் சுடச்சுட இருக்கு."

"பாண் வேண்டாம். உந்தப் பாட்டை நிப்பாட்டுங்கோ."

"ஏன் அக்கா, சத்தம் கூடவோ?"

"சத்தம் இல்லை, பிழை. தோணிக்கு என்ன பாதை? மானிப்பாயிலை தோணி றோட்டிலையோ ஓடுறது?" கடலில்லாத அந்த ஊரின் பேர்தான் ஓட்டோவின் கண்ணாடியில் எழுதியிருந்தது.

அவருக்குக் கோபம் வரவில்லை. "அப்ப எப்பிடிப் பாடுறது?"

"பாரம் கொண்ட தோணி போல."

அவர் ஸ்பீக்கரை நிறுத்தினார். கை ஹாண்டிலிலேயே இருந்தது. "பாரம் கொண்ட தோணி," என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். பிறகு முகமெல்லாம் விரிந்தது. "அதுதான் பையப் போகுது! சின்ன வயசிலையிருந்து யோசிச்சுக்கொண்டிருக்கிறன் அக்கா, அந்தத் தோணி ஏன் மெதுவாப் போகுது எண்டு."

அவள் ஒரு பணிஸ் வாங்கினாள். அவளுக்குப் பணிஸ் பிடிக்காது. அதை எனக்குத்தான் தந்தாள்.

அதற்குப் பிறகு நாளாந்தம் ஒரு பணிஸ். எனக்குச் சீனி வருத்தம் என்று அவளுக்குத் தெரியும். "திண்டு முடியுங்கோ பெரியம்மா, வீணாப் போயிடும்," என்று வேலிக்கு மேலால் நீட்டுவாள். என் சீனி ஏறியதற்கு மருந்தகத்தில் காரணம் கேட்டார்கள். காரணத்தை நான் எப்படிச் சொல்ல!

லயனலின் வரலாற்றை நான் துண்டு துண்டாகக் கேட்டு எடுத்தேன். தாய் பொன்மலர், உடுப்பிட்டிக்காரி. என் மாமியாரின் தங்கை ஒருத்தி அந்தக் காலத்திலேயே வேதத்துக்கு மாறி உடுப்பிட்டியில் வாழ்க்கைப்பட்டவள். அந்த வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளித்தான் பொன்மலர் பிறந்து வளர்ந்த வீடு. தகப்பனுக்கு மானிப்பாய் மிசன் ஆசுப்பத்திரியில் வாட்டு வேலை. பிள்ளைக்கு ஆர்மோனியம் வந்தது வேதக் கோயிலில். நாடகப் பாட்டு வந்தது தகப்பனின் சைக்கிளில். கனிசியஸ் அண்ணாவியாரின் கூத்து மேற்குக் கரையில் எங்கே போட்டாலும் தகப்பன் பிள்ளையை முன்பாரில் இருத்திக்கொண்டு போய்விடுவாராம். பொன்மலர் ஏசுவாளாம், "வேதப் புத்தகத்திலை ஒரு சங்கீதம் பாடமாக்க ஏலாத பிள்ளைக்குக் கூத்துப் பாட்டு மட்டும் வருகுது!" என்று.

கோயிலில் வாசிக்கும்போதும் கை சும்மா இராது. கீர்த்தனை முடிகிற இடத்தில் நாடகச் சங்கதி ஒன்றைச் சொருகிவிடுவார். போதகர் ஆராதனை முடியக் கூப்பிட்டு, "லயனல், கடைசி அடியிலை ராசா குதிரையிலை வந்த மாதிரிக் கிடந்துது. அடுத்த கிழமை ராசாவை வீட்டிலை விட்டிட்டு வாரும்," என்று சொன்னாராம்.

இடம்பெயர்ந்து ஓடிய நேரத்தில் சைக்கிளின் பின்னால் ஆர்மோனியப் பெட்டியைக் கட்டினாராம். "அரிசியை விட்டிட்டுப் பெட்டியைக் கட்டுறான், இவன்ரை வயித்துக்குக் காத்தே போதும்," என்று தாய் வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே நடந்தாளாம். பிறகு அந்தத் தாய் படுக்கையில் விழுந்தபோது, ஆண்டுக்கணக்காகக் குளிப்பாட்டி, ஊட்டி, பக்கத்தில் இருந்து வாசித்துக் காட்டியதும் அவர்தான். அப்படியே கலியாண வயது போய்விட்டது. தாய் போன பிறகு பேக்கரி முதலாளி கோபிசங்கர் ஓட்டோவைக் கொடுத்தான். நாடகப் பாட்டுப் போட அவன் சம்மதித்ததும் ஒரு கதைதான். "அண்ணை, எதையாவது போடுங்கோ, பாண் மிஞ்சாமல் வந்தால் சரி," என்றானாம்.

பாண் மிஞ்சவில்லை. எங்கள் ஒழுங்கை பாட்டுக்குப் பழகிவிட்டது. மீனாம்பிகை திருத்தினால், இரண்டு மூன்று நாளில் திருத்திய பாட்டு வரும். அவளுக்கு விருப்பமான பாட்டெல்லாம் புலவருடையது. அவருக்கு அண்ணாவியாருடையது. எழில்வீரன் கூத்தில் இளவரசி அலையைப் பார்த்துப் பாடும் பாட்டு ஒன்று.

*அலையே நீ அங்கும் போனாயோ – என்
அன்பன் கால் நனைத்து வந்தாயோ*

"உங்கடை அண்ணாவியார் கேள்வியோடையே பாட்டை முடிச்சுப் போடுவார்," என்பாள் மீனாம்பிகை. "மறுமொழி எங்கை?"

"அலை என்ன மறுமொழி சொல்லும் அக்கா? வரும், திரும்பிப் போகும்."

"எங்கடை புலவர் எண்டால் காத்தைக்கொண்டே கேள்வி கேப்பிச்சிருக்கிறார். அதுதான் கெட்டித்தனம்."

"காத்துக் கேட்டுதெண்டால், உங்கடை சங்கநாச்சியும் மறுமொழி சொல்லேல்லையே?"

இப்படியே பாண் ஆறும் வரைக்கும். ஒருநாள் அவருடைய பேச்சில் அந்த 'அக்கா' காணாமல் போனது. நான் கவனித்தேன். அவளும் கவனித்தாள், அன்றைக்கு இரண்டு பணிஸ் வாங்கினாள்.

எனக்கு அந்தக் காலமைகள் கனவு மாதிரித்தான் நினைவில் நிற்கின்றன. அங்காலே கடல், இங்காலே வேலை நின்றுபோன சீமெந்துத் தொழிற்சாலை. நடுவில் பாழடைந்த வளவுகளுக்குள் ஒரு குரல் அலைந்துகொண்டு திரியும். சில நேரம் ஓட்டோ இரண்டு ஒழுங்கை தள்ளி நிற்கும், காற்று மட்டும் பாட்டைக் கொண்டு வரும். அப்போது இல்லாத ஆட்களெல்லாம் அந்த வீடுகளின் வாசலில் வந்து நின்று கேட்கிறார்கள் போல எனக்குத் தெரியும். என் சின்னம்மா, அவளுடைய மனிசன், கண்டியில் கடை வைத்திருந்த என் மூத்த கொழுந்தன். பிறகு ஓட்டோ வந்து "பாண்" என்று சத்தம் வைக்கும், அவர்கள் போய்விடுவார்கள்.

அந்த ஆண்டு ஆழ்வாப்பிள்ளையும் பழைய கூட்டாளிகளும் கோயில் திருவிழாவுக்குச் சங்கநாச்சி நாடகம் போட வெளிக்கிட்டார்கள். ஆழ்வாப்பிள்ளை சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்த காலத்திலேயே ராசா வேடம் கட்டியவன். நெடுத்த ஆள், இடுப்பில் வெறும் சாரத்தோடு ஆட்டுக்குக் குழை வெட்டும்போதும் ராசாதான். ஆர்மோனியக்காரர்தான் இல்லை. இருந்த ஒருவரும் மகனோடு கனடாவுக்குப் போய்விட்டார்.

"பாண்கார லயனலைக் கேட்டுப் பாருங்கோவன் அண்ணை," என்றாள் மீனாம்பிகை.

"அந்தாள் வேதக்காரனெல்லே?"

"ஆள்தானே வேதக்காரன். ஆர்மோனியப் பெட்டிக்கும் ஞானஸ்நானம் குடுத்துக் கிடக்கோ?"

ஆழ்வாப்பிள்ளை சிரித்துவிட்டான். லயனல் வந்தார். பின்னேரங்களில் பாண் விற்று முடிந்ததும் ஓட்டோவைக் கோயில் வீதியில் விட்டுவிட்டுப் பெட்டியோடு வந்து இருப்பார். நடிகன் மறந்த அடியை வாயால் சொல்லிக் கொடுக்காமல், பெட்டியாலே எடுத்துக் கொடுப்பார். ஆழ்வாப்பிள்ளைக்கு அவரை நன்றாகப் பிடித்துவிட்டது. மீனாம்பிகை தேத்தண்ணி கொண்டு போவாள். அவளுக்குத் துணையாக நானும் போவேன். ஒருநாள் மற்றவர்கள் வெற்றிலைக்குப் போன நேரம், லயனல் பெட்டியின் மூடியைத் துடைத்துக்கொண்டு, நான் இருப்பதையும் பாராமல் சொன்னார்.

"நான் ஒப்புக்கொள்ளுறன். புலவர்தான் பெரியவர். அண்ணாவியார் தோத்துப்போனார். என்னைக் கலியாணம் செய்வியளோ?"

மீனாம்பிகை தேத்தண்ணிக் கோப்பைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினாள். "இவ்வளவு காலமும் தூக்கிப் பிடிச்ச அண்ணாவியாரை ஒரு நிமிசத்திலை விட்டுக்குடுக்கிறியள். நாளைக்கு என்னையும் விட்டுக்குடுப்பியள்."

"அப்ப அண்ணாவியார் தோக்கேல்லை."

"அப்ப சரி. அண்ணையிட்டைக் கேளுங்கோ."

இது நடக்காவிட்டால் இனி எதுவும் நடக்காது என்று அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவள் கோப்பைகளை எடுத்துக்கொண்டு, என்னை விட்டுவிட்டு முன்னே நடந்தாள்.

லயனல் போய்க் கேட்டபோது ஆழ்வாப்பிள்ளை வெட்டொன்று துண்டிரண்டாக ஒன்றும் சொல்லவில்லை. "எனக்குத் தங்கச்சியின்ரை மனம்தான் பெரிசு. ஆனால் உம்மடை கோயில், உம்மடை போதகர் எண்டு இருக்கு. பிறகு அது ஏலாது இது ஏலாது எண்டு என்ரை பிள்ளையை அந்தரத்திலை விடக்கூடாது. போய்க் கதைச்சுப்போட்டு வாரும். நாடகம் முடியட்டும், உம்மடை முடிவைச் சொல்லும்."

நாடகம் பின்னேரம் தொடங்கி விளக்கு வைத்துக் கொஞ்ச நேரத்தில் முடிந்தது. இப்போதெல்லாம் விடிய விடியப் போடுவதில்லை. லயனலின் வாசிப்பில் சனம் அசையாமல் இருந்தது. கடைசியில் புருசன் திரும்பி வந்து சங்கநாச்சியின் கையைப் பிடிக்கிறான், நடிகர் எல்லாரும் வரிசையில் நின்று மங்களம் பாடினார்கள், திரை விழுந்தது. ஆழ்வாப்பிள்ளை கிரீடத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு மேடைக்குப் பின்னால் வந்தான். நானும் மீனாம்பிகையும் அங்கேதான் நின்றோம்.

"என்ன லயனல், கதைச்சுப்போட்டீரோ? உம்மடை முடிவு என்ன?"

லயனல் சிரித்துக்கொண்டே சொன்னார். "போதகரிட்டைக் கதைச்சிட்டன் அண்ணை. இனி இழுக்கிறதிலை பிரயோசனமில்லை. வாற ஆவணியோடை மங்களம் பாடிவிடுவம்."

ஆழ்வாப்பிள்ளையின் முகத்தில் பூசியிருந்த அரிதாரத்துக்குக் கீழே முகம் செத்துப் போனதை நான் கண்டேன். அந்தச் சொல்லை விட அந்தச் சிரிப்புத்தான் அவனுக்குப் பொறுக்கவில்லை. "அப்பிடியோ. சரி," என்றான். மீனாம்பிகையின் கையைப் பிடித்து, "வா பிள்ளை, வீட்டை போவம்," என்றான். லயனல் கும்பிட்டு வழியனுப்பினார்.

எங்கள் பக்கத்தில் மங்களம் பாடுகிறது என்றால் முடித்துவிடுகிறது. நாடகத்தில் மங்களம் பாடிய பிறகு ஒருவரும் மேடையில் வாய் திறக்கக்கூடாது. திறந்தால் கூடாது என்பார்கள். ஒரு கடையைப் பூட்டினாலும் "மங்களம் பாடிப்போட்டான்" என்றுதான் சொல்லுவோம். நானும் அப்படித்தான் விளங்கிக்கொண்டேன். போதகர் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார், ஆவணிக்குப் பிறகு ஆள் இந்தப் பக்கமே வரமாட்டார், அதை இந்த மனிதன் பல்லைக் காட்டிக்கொண்டு சொல்லுகிறார்.

அடுத்த நாள் லயனல் தோய்த்து மடித்த வெள்ளைச் சேட்டோடு வந்தார். 'பாரம் கொண்ட தோணி' போய்க்கொண்டிருந்தது. மீனாம்பிகையின் கேற் பூட்டியிருந்தது. ஆழ்வாப்பிள்ளை மட்டும் வெளியே வந்தான்.

"எங்களுக்குப் பாண் வேண்டாம். இந்த ஒழுங்கைக்கும் வேண்டாம்."

லயனல் அவனுடைய முகத்தைப் பார்த்தார், பூட்டின கேற்றைப் பார்த்தார். வேதக்காரன் என்றபடியால் தமையன் மனம் மாறிவிட்டான் என்று அவர் எடுத்துக்கொண்டாராம். பாட்டை நிறுத்திவிட்டு ஓட்டோவைத் திருப்பினார்.

அதற்குப் பிறகு வேறொருவன் பாண் கொண்டு வந்தான், எல்லாரும் போடும் அந்தப் பழைய மெட்டோடு. மீனாம்பிகையிடம் வாய் கொடுத்துப் பார்த்தேன். "அவர் மங்களம் பாடிப்போட்டார் பெரியம்மா. விடுங்கோ," என்றாள். காலமையில் முற்றம் கூட்டும்போது பாதியில் நிற்பாள். விளக்குமாறு நிலத்தில் ஊன்றியிருக்கும், தலை கடல் பக்கம் சரிந்திருக்கும். கடலில் கப்பல் ஒன்று ஊதும். அவள் திரும்பவும் கூட்டத் தொடங்குவாள், கூட்டின இடத்தையே.

ஆவணி வந்து போனது. புரட்டாதியில் உடுப்பிட்டியில் ஒரு கலியாணம் வந்தது. நான் முன்பு சொன்ன, வேதத்துக்கு மாறின என் மாமியாரின் தங்கை இருக்கிறாளே, அவளுடைய பேத்தியின் மகள் நிஷானிக்கு. கால் இழுக்கிறபடியால் மீனாம்பிகையைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அந்த வீட்டுக் கலியாணங்களுக்கு முன்பும் போயிருக்கிறேன்தான். ஆனால் எப்போதும் பஸ்ஸுக்குப் பிந்தும் என்று தாலி கட்டியதோடு எழும்பி வந்துவிடுவேன். இந்த முறை திரும்பிப் போக வான் ஒழுங்கு பண்ணியிருந்தார்கள். அதனால் கடைசி வரைக்கும் இருந்தோம்.

வேதக் கோயிலுக்குள் வெள்ளைப் பூவும் ஊதுபத்தி இல்லாத ஒரு குளிர்ச்சியும். மாப்பிள்ளை தாலி கட்டினான். போதகர் தலையில் கை வைத்து ஆசீர்வதித்தார். பிறகு சனத்தைப் பார்த்துச் சொன்னார்: "இப்பொழுது நாம் எல்லோரும் எழுந்து நின்று மணமக்களுக்கு மங்களம் பாடுவோம்."

மீனாம்பிகை என் கையை இறுக்கிப் பிடித்தாள். "என்ன பெரியம்மா இது? இப்பத்தான் கட்டினவை, அதுக்குள்ளை மங்களம் பாடுகினம்?"

பக்கத்தில் நின்ற பருத்த மனிசி ஒருத்தி பாட்டுப் புத்தகத்தை விரித்தபடியே குனிந்தாள். "கலியாணத்துக்கு மங்களம் பாடாமல் வேறை எதுக்குப் பாடுறது அக்கா? எங்கடை ஆக்கள் எப்ப மங்களம் எண்டு கேட்டால் எப்ப கலியாணம் எண்டு அர்த்தம்."

சனம் முழுக்க எழும்பி நின்றது. மீனாம்பிகை மட்டும் இருந்துவிட்டாள். சுற்றிவர நின்ற சேலைகளுக்கும் வேட்டிகளுக்கும் நடுவில், கிணற்றுக்குள்ளே இருப்பவள் போல அண்ணாந்து பார்த்துக்கொண்டு இருந்தாள். மேலே பாட்டுப் போய்க்கொண்டிருந்தது. "ஆவணியோடை மங்களம் பாடிவிடுவம்," என்று தனக்குள்ளே சொன்னாள். இன்னொரு முறை சொன்னாள். சொல்லச் சொல்ல அந்தச் சொல் வேறு சொல்லாக மாறியது. சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது.

"ஆவணி போயிட்டுது பெரியம்மா."

"ஆவணி வருசா வருசம் வரும். எழும்படி," என்றேன்.

ஒழுங்கு பண்ணின வானில் நாங்கள் ஏறவில்லை. பஸ் பிடித்து யாழ்ப்பாணம் வந்து, அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் மானிப்பாய்க்குப் போனோம். ஆர்மோனியம் வாசிக்கிற பாண்காரர் என்று கேட்க ஒரு கடைக்காரன் வழி காட்டினான். லயனல் கிணற்றடியில் ஓட்டோவின் பாண் தட்டுகளைக் கழுவிக்கொண்டு நின்றார்.

மீனாம்பிகை படலையடியில் நின்றே கேட்டாள். "ஆவணி போயிட்டுது. இனி எப்ப மங்களம் பாடுறதா உத்தேசம்?"

அவருடைய கையில் இருந்த தட்டிலிருந்து தண்ணீர் காலில் வடிந்துகொண்டிருந்தது. "அண்ணைக்கு... அண்ணைக்கு விருப்பமில்லை எண்டெல்லோ நான்..."

"அண்ணைக்கு விளங்கேல்லை. எனக்கும் விளங்கேல்லை. எங்கடை பக்கம் மங்களம் எண்டால் திரையை இழுத்து மூடுறது. போதகர் மறுத்துப்போட்டார், நீங்களும் முடிச்சுப்போட்டியள் எண்டு நினைச்சம்."

"போதகர் அண்டைக்கே ஓம் எண்டிட்டார்!"

"ஏன் மனிசன், நாடகத்திலை நீங்கள்தானே கடைசியிலை மங்களம் வாசிச்சனீங்கள்? அது என்னத்துக்கு எண்டு தெரியாமலோ வாசிச்சனீங்கள்?"

லயனல் தட்டைக் கிணற்றுக்கட்டில் வைத்தார். "புருசன் திரும்பி வந்து அவளின்ரை கையைப் பிடிக்கிறானெல்லே? ரெண்டு பேரும் சேந்திட்டினம், அதுக்குத்தான் மங்களம் எண்டு நினைச்சு வாசிச்சனான்."

நான் சிரித்த சிரிப்பில் இருமல் வந்து, அவர் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டு வந்தார். இருமி முடிந்து பார்க்கும்போது அவர்கள் இரண்டு பேரும் ஒரே தட்டை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அது ஏற்கனவே கழுவின தட்டு.

ஆழ்வாப்பிள்ளைக்கு விசயத்தைச் சொன்னபோது அவன் குழை வெட்டின கத்தியைக் கீழே வைத்தான். "ஒரு சொல்லுக்காண்டியோ நான் அந்த மனிசனை ஒழுங்கையாலை திருப்பி விட்டனான்?" என்றான். விடிந்ததும் அவனே மானிப்பாய்க்கு வெளிக்கிட்டுப் போனான். இரண்டு ஆண்களும் என்ன கதைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. திரும்பி வரும்போது கையில் ஒரு றோஸ்பாண் பொட்டலம் இருந்தது.

ஆனாலும் ஒரு இடத்தில் அவன் அசையவில்லை. "எல்லாம் சரி. மங்களம் மட்டும் வேண்டாம். அந்தப் பாட்டுக் கேட்டால் எனக்கு வேசத்தைக் கழட்டோணும் போலை கிடக்கும். என்ரை தங்கச்சி வாழப்போற நாளிலை அதை நான் கேக்கமாட்டன்."

லயனலும் அசையவில்லை. "அண்ணை, அது பாடாட்டி எங்கடை சனம் கலியாணம் நடக்கேல்லை எண்டு சொல்லும்."

கடைசியில் அது தீராமலே தையில் எழுத்து எழுதி, கலியாணத்தைப் பதிந்தார்கள். பின்னேரம் மானிப்பாய்க் கோயிலில் செபம். மங்களம் பாடத் தொடங்கியதும் ஆழ்வாப்பிள்ளை எழும்பி வெளியே போய்விட்டான். கோபித்துக்கொண்டு போகிறான் என்றுதான் நினைத்தேன். பாட்டு முடிந்து, மாப்பிள்ளையும் பொம்பிளையும் படியால் இறங்கி வரும்போது, அவன் முற்றத்து வேம்பின் கீழே நின்று குரல் எடுத்தான். சங்கநாச்சி நாடகத்தில் ராசாவும் ராணியும் முதன்முதலாக மேடைக்கு வரும்போது பாடுகிற வரவுப் பாட்டு.

*வருகிறார் வருகிறார் வாசல் வழி விடுங்கள்
வாழ வந்த பேர்களுக்கு வழி விடுங்கள்*

மைக் இல்லை, ஆர்மோனியம் இல்லை. றோட்டில் போன சைக்கிள்காரர்கள் கால் ஊன்றி நின்றார்கள். போதகர் படியிலேயே நின்று தலையாட்டினார். மங்களம் பாடின பிறகு வரவு பாடின ஒரு நாடகத்தை நான் அதற்கு முதலும் காணவில்லை, பிறகும் காணவில்லை. பொழுது மஞ்சளாகப் படுகிற நேரம். எங்கள் சனமும் அவர்கள் சனமும் இரண்டு பக்கமும் ஒதுங்கி நிற்க, அவர்கள் நடுவாலே வந்தார்கள். மீனாம்பிகையின் கால் நிலத்தில் பட்டதா என்று எனக்குச் சொல்லத் தெரியாது.

லயனல் இப்போது காங்கேசன்துறையில், எனக்கு அடுத்த வளவில், மீனாம்பிகையின் வீட்டில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் முதல் பஸ்ஸில் மானிப்பாய்க் கோயிலுக்குப் போய் வாசித்துவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பி வருவார்.